பேட்டரி தீர்ந்துட்டா என்ன பண்ணுவ?

“ஏறு! ஏறுன்னா ஏறணும்!”

கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஹபிபுல்லா கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தார். கழுத்தில் விசில், இடது கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் கணக்கு. எண்பதடிக்கு முப்பது நிமிடம். முப்பது எப்போதோ தாண்டிவிட்டது. கீழே, வெகு கீழே, சித்திரை வெயில் எட்டாத பச்சைத் தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை.

பிறகு இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று கிணற்றுக்காரர் தர்மராஜின் மகன் சுதர்சன். ஹபிபுல்லாவிடம் முங்கக் கற்றுக்கொள்பவன். மற்றொன்று விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து வந்திருக்கும் ஃபர்ஹா. ஹபிபுல்லாவின் தம்பி மகள். அங்கே கடலில் அவளும் புதியவர்களுக்கு முங்கக் கற்றுக்கொடுக்கிறாள். வாயிலிருந்த காற்றுக் குழாயை எடுத்துவிட்டு அவள் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். குரல் கிணற்றுச் சுவரில் இடித்து இடித்து மேலே வந்தது.

“பெரியத்தா, எதுக்கு இந்த இழுப்பு இழுக்குறீங்க? இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தாக்கூட ஒண்ணும் ஆவாதுன்னு காட்டுதுங்க.”

“எது காட்டுது?”

“கம்ப்யூட்டர். உங்களுக்குன்னு வாங்கிட்டு வந்தேனே, அதேதான். நீங்க டப்பாவே பிரிக்கல. நான் கட்டிக்கிட்டேன்.”

ஹபிபுல்லா கயிற்றை விட்டார். எதிரி தானாக வந்து மாட்டிக்கொண்ட நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

“பேட்டரி தீர்ந்துட்டா என்ன பண்ணுவ?” என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவரை உங்களுக்குத் தெரியும். இவருக்குப் பெயர் அடிப்படைக்காரர். எல்லா ஊரிலும் இருக்கிறார், எல்லாத் தொழிலிலும் இருக்கிறார். பெரம்பலூரில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனால் ஸ்டியரிங்கைத் தொடவிடாமல் ஒரு வாரம் ஸ்டெப்னி மாற்றவைப்பவர் இவர். அரியலூர்க் கடையில் மெஷின் போட்டுக் கொடுத்த பில்லை வாங்கி, பின்னால் நிற்கும் வரிசை வாசல் தாண்டி வளர, உதட்டை அசைத்து மறுபடி கூட்டிப் பார்த்து, மெஷின் சொன்னது சரிதான் என்று மெஷினுக்குச் சான்று கொடுத்துவிட்டுப் போகிறவரும் இவர்தான். மிக்ஸியில் அரைத்த சட்னியைத் தொட்டுக்கொண்டே அம்மியின் பெருமையைப் பேசுவார். அம்மியில் அரைத்தது அவர் இல்லை.

இவரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். அதுதான் தொல்லை.

ஹபிபுல்லாவின் அடிப்படை, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. விஷயம் சின்னது. நீருக்குள் ஆழமாகப் போகப் போக, நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்துக்குள் அமுங்கிச் சேர்கிறது. அதிக நேரம் இருந்தால் அதிகம் சேரும். அளவு மீறி இருந்துவிட்டு மேலே வந்தால், மூடி திறந்த சோடா மாதிரி அது ரத்தத்துக்குள்ளேயே நுரைக்கும். மூட்டு வலியோடு விட்டால் அதிர்ஷ்டம். விடாவிட்டால் கால் போகும், உயிரும் போகும். ஆகவே இத்தனை அடி ஆழத்தில் இத்தனை நிமிடம் என்று முன்பே கணக்குப் போட்டு ஓர் அட்டவணை செய்துவைத்தார்கள். அதற்கு டேபிள் என்று பெயர். பிறகு அந்தக் கணக்கைத் தானே போடும் ஒரு கருவியைச் செய்து கையில் கட்டிக்கொண்டார்கள். அது கம்ப்யூட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: டேபிளுக்கு ஆழத்தை நீங்கள் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர் கூடவே வந்து பார்த்துக்கொள்ளும்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களில் பாதிப் பேர் கடையில் நின்றார்கள், மீதிப் பேர் வண்டி ஓட்டினார்கள். ஹபிபுல்லா கப்பலில் நின்றார். அடியில் குழாய் பழுது பார்க்க முங்குகிறவர்களுக்கு மேல்தளத்தில் நேரம் பார்க்கிற வேலை. ஒருவன் கருவியைப் பார்த்து ஆழத்தைக் கத்துவான். இவர் டேபிளைப் பார்த்து நிமிடத்தைக் கத்துவார். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு நிமிடம் தப்பியதில்லை. அங்கிருந்து வரும்போது அவர் கேட்காமல் எடுத்துக்கொண்டது அந்த டேபிள் ஒன்றுதான். பிளாஸ்டிக் உறை போட்டு, துளையிட்டு, நாடா கோத்து வைத்திருந்தார். ஊருக்கு வந்த பிறகு, குன்னம் வட்டாரத்துக் கிணறுகளில் விழுந்த மோட்டாரையும் பைப்பையும் எடுத்துக்கொடுக்கத் தொடங்கி, அது பரவி, கடல் வேலைக்கு ஆசைப்பட்ட நாலு பையன்கள் வந்து சேர, தர்மராஜின் கிணறு வகுப்பாயிற்று.

“கிணறு எத்தனை அடிண்ணே?” என்று முதல் நாள் தர்மராஜிடம் கேட்டார்.

“எம்பது. எங்கப்பா வெட்டுனது. இந்தச் சுத்துல இது மாதிரி ஒண்ணு காட்டுங்க பாப்போம்.”

ஆழத்தை ஒருவர் கத்திவிட்டார். ஹபிபுல்லா டேபிளைப் பார்த்து நிமிடத்தைக் கத்தினார். முப்பது.

வகுப்பு நடந்த விதத்தைக் கேளுங்கள். சிலிண்டரோடு வரும், ஆழம் காட்டும் முள்ளின் மேல் கறுப்பு டேப் சுற்றினார். ஏன்? முள்ளைப் பார்த்தால் மூளை தூங்கிவிடுமாம். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள்ளை மட்டும் விட்டுவைத்தார், கொஞ்சம் மனசில்லாமல். பையன்கள் டேபிளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். படியில் சிலிண்டரைச் சுமந்து இறங்கும்போது கேட்பார், ஏறும்போது கேட்பார், டீக்கடையில் வடையைக் கடித்த நொடியில் கேட்பார். “அம்பதடிக்கு?” வாயில் வடையோடு பதில் வராவிட்டால், “பார்த்தியா, அடிப்படை இல்ல” என்று கடைக்காரரிடம் வருத்தப்படுவார். கைக்கடிகாரம் கட்டி வந்தவனைக் கழற்றச் சொன்னார். ஏதோ ஒரு படத்தில் பார்த்துவிட்டு ஒருவன் கம்ப்யூட்டர் என்ற சொல்லை உச்சரித்தபோது, கேள்வி அவனை நோக்கிப் பாய்ந்தது. பேட்டரி தீர்ந்துட்டா என்ன பண்ணுவ? அவனால் பதில் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

மற்ற இடங்களில் புதியவர்களை அறுபதடிக்கு மேல் விடுவதில்லை. “நம்ம பசங்க எடுத்த எடுப்புலயே எம்பது” என்று ஹபிபுல்லா சொல்லிக்கொள்வார். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில், பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, முன்பின் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னார்.

இடையில் ஒரு சின்ன இடைஞ்சல் வந்தது. ஒருநாள் சுதர்சன் அடியில் கிடந்த, மோட்டார் பைப்பின் பழைய ஃபுட்வால்வைத் தோண்டுகிறேன் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு, காற்று தீரும்வரை கீழேயே இருந்துவிட்டான். எண்பதடிக்குச் சொன்ன நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹபிபுல்லா அன்றைய வகுப்பை அத்தோடு நிறுத்தினார். அவனைப் பாயில் படுக்கவைத்து, முட்டியை அழுத்தி அழுத்திப் பார்த்து, பொழுதுசாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் எழுந்து இரண்டு தட்டு சோறு தின்றுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனான்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ஆழம் தப்போ என்று தோன்றியிருக்கும். அடிப்படைக்காரருக்கு அது தோன்றாது. டேபிளும் தப்பாக இருக்க முடியாது. மிச்சமிருப்பது சுதர்சனின் உடம்பு. ஹபிபுல்லா இரண்டு நாள் யோசித்து முடிவுக்கு வந்தார்.

“வெங்காயம்டா.”

“என்ன மாஸ்டர்?”

“சின்ன வெங்காயம். இந்த மண்ணுல வெளையுறது. பொறந்ததுலேருந்து தின்னுக்கிட்டு இருக்கோம்ல? ரத்தம் இளகியே கெடக்கும். நைட்ரஜன் ஒட்டாது. டேபிள் போட்டவன் வெள்ளைக்காரன் உடம்ப வச்சுப் போட்டான். நமக்குக் கொஞ்சம் கூடவே தாங்கும்.”

பையன்களுக்கு இது பிடித்துப்போயிற்று. அதன்பிறகு விசில் ஊதினாலும் ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் ஏறினார்கள். அவரும் திட்டினார், ஆனால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு திட்டினார். தூத்துக்குடியில் ஒரு கடல் கம்பெனி ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் அவரே போன் போட்டு, “எம்பதடி அனுபவம் உள்ள பையன்” என்று சுதர்சனைச் சொன்னார். அவர்களும் எண்பதடியில் சோதித்துப் பார்த்துவிடுகிறோம் என்றார்கள். மறுநாள் காலை பஸ். பைகூடக் கட்டியாகிவிட்டது.

ஃபர்ஹா கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியது அந்தப் பஸ்ஸுக்கு முந்தின நாள்தான்.

படியேறி மேலே வந்ததும் அவள் துண்டைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

“பெரியத்தா, அடியில கைய வச்சுப் பார்த்தேன். முப்பத்தஞ்சடிதான் காட்டுதுங்க.”

“எது முப்பத்தஞ்சு?”

“ஆழம்.”

ஹபிபுல்லா பதில் சொல்வதற்கு முன், மரத்தடியில் வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்த தர்மராஜ் எழுந்து வந்துவிட்டார். வந்த வேகத்தில் துண்டு தோளிலிருந்து விழுந்தது.

“எந்தக் கெணறு முப்பத்தஞ்சு? எங்க கெணறா?”

“அண்ணே, நீங்க இருங்க…”

“இருங்கன்னா? எங்கப்பா நெலத்த வித்து வெட்டுனாரு பாய். பொண்ணு கேட்டு வந்தவன்கூட மொதல்ல கெணத்த எட்டிப் பாத்துட்டுத்தான் சம்மந்தம் பேசுனான். கையில கட்டுற பொட்டி வந்து முப்பத்தஞ்சுன்னு சொல்லுமா?”

“மாமா, பொட்டி உங்க கெணத்தக் கொறை சொல்லல…” என்றாள் ஃபர்ஹா.

“சொல்லிருச்சே! பாதிய முழுங்கிட்டுச் சொல்லிருச்சே!”

ஹபிபுல்லா நிதானமாகச் சிரித்தார். “பார்த்தியாம்மா? இதத்தான் நான் சொல்றேன். மெஷின நம்புனா கெணறே பாதியாப் போயிடும். கயிறக் கொண்டாங்கண்ணே. அடிப்படையா அளந்துடுவோம்.”

பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு வந்தது. நுனியில் கல். கைப்பிடிச் சுவரிலிருந்து ஹபிபுல்லாவே விட்டார். கல் தரையில் உட்கார்ந்தது கையில் தெரிந்தது. சுவரோடு பிடித்து, இழுக்க ஆரம்பித்தார். தர்மராஜ் பக்கத்தில் நின்று ஏலக் கடைக்காரர் மாதிரி எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.”

ஐந்தாவது முடிச்சு வருவதற்கு முன்பே ஹபிபுல்லாவின் உள்ளங்கை நனைந்தது.

அவர் கயிற்றைப் பார்த்தார். காலடியில் சுருண்டு கிடந்தது காய்ந்த கயிறு, வெளுத்து, தூசு படிந்து. கையில் வந்துகொண்டிருந்தது கறுத்த, சொட்டுகிற கயிறு. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதை, பேட்டரி இல்லாமல், யாரும் படிக்கும்படி அது சொல்லிக்கொண்டிருந்தது. மேலே பாதிக்கு மேல் வெறும் காற்று. காற்றில் யாரும் முங்குவதில்லை.

“அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு!” தர்மராஜ் தொடையில் தட்டினார். “எம்பது! என்ன சொல்லுது இப்ப பொட்டி?”

“எம்பதுதான்” என்றான் சுதர்சனும்.

ஹபிபுல்லா கயிற்றை அவசரமாகச் சுற்றினார். காய்ந்த பாதியையும் நனைந்த பாதியையும் சேர்த்துச் சுற்றினார். “இத வெயில்ல போடு. காயட்டும்” என்றார்.

ஃபர்ஹா அவர் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“காஞ்சுடுச்சுன்னா அப்புறம் தெரியாதுங்க பெரியத்தா” என்றாள் மெதுவாக. “நாளைக்கு அவன் கடல்ல எறங்குறான். அங்க எம்பதுன்னா முழுசும் தண்ணி. வெங்காயத்த நம்பிப் பத்து நிமிஷம் சேத்து இருப்பான். நடக்க முடியாமப் போயிடும்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மோர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்த கமலவேணியின் காதில் கடைசி வார்த்தை மட்டும் சரியாகப் போய் விழுந்தது. சுதர்சனின் அம்மா.

“யாரு நடக்க முடியாமப் போயிடும்?”

கமலவேணி நேராக ஹபிபுல்லாவின் முன்னால் வந்து நின்றாள்.

“பாய், உங்களத்தான் கேக்குறேன். எம் புள்ள நாளைக்குப் போலாமா, வேணாமா?”

ஹபிபுல்லாவுக்குக் கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் நினைவுக்கு வந்தான். மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, எழப் பார்த்து, எழ முடியாமல், அதை வேடிக்கை என்று நினைத்து முதலில் சிரித்தவன். டேபிள் சரி, நிமிடம் சரி. ஆழத்தைக் கத்தியவன் தப்பாகக் கத்தியிருந்தான். அந்த ஆளைக் கப்பல் கரை சேரும்வரை திட்டித் தீர்த்தவர்களில் ஹபிபுல்லாவின் குரல்தான் பெரிய குரல். ஆழம் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர் அவர்தான்.

இப்போது அடிப்படைக்காரர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? தப்பை ஒப்புக்கொள்வார் என்றா? நீங்கள் இவர்களைச் சரியாகக் கவனித்ததில்லை. பொய் சொல்லிப் பையனை அனுப்பிவிடுவார் என்றா? அவர் அவ்வளவு கெட்டவர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அந்த வழியை அடிப்படைக்காரர்கள் மட்டுமே அறிவார்கள்.

ஹபிபுல்லா தொண்டையைச் செருமினார். விசிலைச் சட்டைக்குள் போட்டார்.

“சுதர்சா, இங்க வா. கயிற விரி.”

விரித்தான்.

“எதுலேருந்து எது வரைக்கும் ஈரம்?”

அவன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். “மாஸ்டர்… பாதிதான…”

“பாதிகூட இல்ல. கடல்ல ஆழம்னா தண்ணி மேல்மட்டத்துலேருந்து. நீ இந்தக் கெணத்துல ஒருநாளும் எம்பதடி போனதில்ல. முப்பத்தஞ்சு. மழை பேஞ்சப்போ இன்னும் கொஞ்சம் கூட. அவ்ளோதான் உன் அனுபவம். வெங்காயத்துல ஒண்ணும் இல்ல. இதான் கடைசிப் பரீட்சை. எவனாவது கேப்பான், கெணத்து விளிம்புலேருந்து அளக்குறீங்களே மாஸ்டர்னு எவனாவது ஒருத்தன் கேப்பான்னு இத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தனும் தேறல.”

சுதர்சன் தலைகுனிந்தான். தேறாத பையனின் வெட்கம் அவன் முகத்தில் உண்மையாகவே இருந்தது. தர்மராஜ் மகனை முறைத்தார். கிணற்றை மட்டம் தட்டிய கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. கமலவேணி மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மகனின் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஃபர்ஹா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். பையன் காதில் போக வேண்டியது போய்விட்டது. எந்தப் பாத்திரத்தில் போனால் என்ன?

“நானுமா தேறலைங்க பெரியத்தா?” என்று மட்டும் கேட்டாள்.

“நீ எப்புடித் தேறுவ? நீ காப்பியடிச்ச” என்றார் அவர், அவள் மணிக்கட்டைக் காட்டி.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஹபிபுல்லாவுக்கு நல்லது. முடியவில்லை. சுதர்சன் தலையை நிமிர்த்தினான்.

“அப்ப இனிமே எனக்கு டேபிளே வேணாம் மாஸ்டர். மொத சம்பளத்துல கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிடுறேன். அதுவே ஆழம் பாக்குது, அதுவே நேரம் சொல்லுது. மண்டையப் போட்டு ஒடச்சுக்க வேணாம்.”

“பேட்டரி தீர்ந்துட்டா என்ன பண்ணுவ?”

சுதர்சன் சிரித்தான். தர்மராஜும் சிரித்தார். கமலவேணிகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை நாளில் அந்தக் கேள்விக்கு யாரும் சிரித்ததில்லை. உண்மையில் நல்ல கேள்வி. கடலுக்கு அடியில் திரை அணைந்துவிட்டால், எத்தனை அடியில் எத்தனை நேரம் இருந்தோம், எப்படி மேலே போக வேண்டும் என்று தலைக்குள் ஏதாவது இருந்தாக வேண்டும். ஃபர்ஹாவும் மஸ்கட்டில் தன் மாணவர்களிடம் அதே கேள்வியைத்தான் கேட்பாள். அவள் ஒருத்திதான் அப்போது சிரிக்கவில்லை. ஆனால் ஹபிபுல்லா அதை எல்லாவற்றுக்கும் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டிருந்தார். இப்போது அது தேவைப்பட்ட இடத்தில் வேலை செய்யவில்லை.

நீங்கள் இந்த ஆள் இல்லை, தெரியும். இதைப் படிக்கும்போது உங்கள் மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ மேலதிகாரியோ கண்முன் வந்திருப்பார். ஆனால் ஒரு விஷயம். எண்பதடிக்கு முப்பது நிமிடம் என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்ததும், எந்த டேபிள்படி முப்பது, வேறொரு டேபிளில் நாற்பது அல்லவா போட்டிருக்கும் என்று ஒரு கேள்வி உங்களுக்கு எழுந்து, அதை இந்தக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தால், உங்கள் கையிலிருக்கும் கயிறு எங்கிருந்து நனைந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சுதர்சன் பஸ் ஏறவில்லை. தூத்துக்குடிக்கு ஹபிபுல்லாவே போன் செய்து, பையனுக்கு முப்பத்தைந்தடி அனுபவம்தான், முதலில் அந்த ஆழத்தில் சோதியுங்கள் என்றார். அவர்கள் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். தர்மராஜ் டீக்கடையில் தன் கிணறு எண்பதடி என்றார். யாரும் மறுக்கவில்லை. ஆழமுள்ளின் மேலிருந்த கறுப்பு டேப்பை ஹபிபுல்லா உரித்தார். பசை போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். வகுப்பு வழக்கம்போல நடந்தது. முதல் கேள்வியாக, ஆழத்தை எங்கிருந்து அளக்க வேண்டும் என்று கேட்டார். தண்ணீர் மட்டத்திலிருந்து என்று எல்லோரும் சொன்னார்கள். “அடிப்படை” என்றார். வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானை மாட்டியிருந்தார். ஒரு மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. மதியம் ஃபர்ஹாவைத் தனியாகக் கூப்பிட்டு, அதற்குப் பேட்டரி பெரம்பலூரில் கிடைக்குமா என்று கேட்டார். வாட்ச் கடையில் கிடைக்கும் என்றாள். போய் இரண்டு வாங்கிவந்தார்.